பிரிட்டனில் முதல் குளிர்காலம்: கேஸ், கரண்ட் பில்லைக் கட்டுக்குள் வைக்க ஒரு வழிகாட்டி

செப்டம்பரில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஹீட்டிங் செலவு உறைப்பது பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோதான். அதற்குள் மூன்று மாதத் தொகை சேர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், சுவரில் கறுப்புப் பூஞ்சை ஏறும், பில் மட்டும் எதிர்பார்த்த அளவு இறங்காது. பணம் கசிகிற பெரிய ஓட்டைகள் இரண்டு: வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்தில் செய்யாமல் விட்ட எழுத்து வேலை, பாய்லர் (வீட்டுக்கு வெந்நீர் காய்ச்சும் இயந்திரம்) ரேடியேட்டருக்கு (அறையைச் சூடாக்கும் சுவரோரத் தகடு) அனுப்பும் தண்ணீரின் தேவைக்கு மீறிய சூடு. இரண்டையும் அடைக்கக் காசு தேவையில்லை.

கீழே உள்ளவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வாடகை வீடுகளுக்கானவை. வட அயர்லாந்தில் விலை முறை வேறு. கணக்குகள் எல்லாம் 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒழுங்குமுறை அமைப்பு வைத்திருந்த உச்சவரம்பு விலையில் போட்டவை: கரண்ட் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 6.29 பென்ஸ். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள். இரண்டிலும் யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணிதான்.

1. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

வீட்டின் ஈபிசி சான்றிதழை, அதாவது எரிசக்தியை அது எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று தரம் சொல்லும் சான்றிதழைப் பாருங்கள். அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதிவிலக்கு பெறாத வீட்டை 'ஈ'க்குக் கீழே இருந்தால் வாடகைக்கு விடக் கூடாது. எழுத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். சுவருக்குள் சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்பு அடைத்திருக்கிறதா, கூரைக் காப்பு எவ்வளவு தடிமன், ஹீட்டிங் கேஸா கரண்டா என்று அதிலேயே எழுதியிருக்கும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும் என்பதால் பழைய சான்றிதழில் உள்ளதை நேரிலும் சரிபாருங்கள்.

கேஸ் வீடு என்றால் அந்த ஆண்டுக்கான கேஸ் பாதுகாப்புச் சான்றிதழை, குடிபோகும் முன்பே வீட்டுக்காரர் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அறை மட்டும் எடுக்கிறவர்களுக்கு: "பில் எல்லாம் சேர்த்துத்தான்" என்றால் மாதத்துக்கு எவ்வளவு வரை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சப்ளையரிடம் வாங்கிய கேஸையும் கரண்டையும் யூனிட் கணக்கில் உங்களுக்கு விற்றால், தான் கொடுத்த விலைக்கு மேல் ஒரு பென்னிகூட வைக்கக் கூடாது. அவருக்கு வந்த பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

2. சாவி வாங்கும் நாள்: மீட்டரைப் படம் எடுங்கள்

பெட்டியை இறக்கும் முன் இதைச் செய்யுங்கள். கரண்ட் மீட்டர், கேஸ் மீட்டர் இரண்டையும், மீட்டர் காட்டும் எண்ணும் அதன் சீரியல் நம்பரும் ஒரே படத்தில் தெரிய எடுக்க வேண்டும். மீட்டர் படிக்கட்டுக்கு அடியில், வாசல் சுவரில் உள்ள வெள்ளைப் பெட்டியில், அடுக்குமாடி என்றால் பொது நடைபாதை அலமாரியில் இருக்கும். வெளிப்பெட்டிக்கு முக்கோணச் சாவி தேவைப்படலாம். அதையும் ஏஜென்டிடம் அப்போதே வாங்கிவிடுங்கள்.

கறுப்பு எண்களை மட்டும் படிக்க வேண்டும். சிவப்பு எண்ணும் தசமப் புள்ளிக்குப் பிறகு வருவதும் வேண்டாம். கரண்ட் மீட்டரில் இரவு, பகல் என்று இரண்டு எண் வந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் மீட்டரின் முகத்தில் கன மீட்டர் என்று இருக்கிறதா, கன அடி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அடி மீட்டரில் ஒரு எண்ணிக்கை என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உங்களுடையது புது மீட்டராக இருந்து, சப்ளையரின் கணினியில் பழைய அடி மீட்டர் என்று பதிவாகியிருந்தால், பில் ஏறக்குறைய மூன்று மடங்காக வரும். கேஸ் பில் நம்பவே முடியாத அளவுக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏஜென்டின் இன்வென்டரி அறிக்கையில் (குடிபோகும் நாளில் வீடு இருந்த நிலையைச் சொல்லும் பட்டியல்) உள்ள மீட்டர் எண்ணும் உங்கள் படமும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாவிட்டால் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

3. முதல் வாரம்: சப்ளையர் யார் என்று கண்டுபிடியுங்கள்

முன்பு இருந்தவர் வைத்திருந்த சப்ளையரே உங்கள் சப்ளையர். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாவிட்டாலும், குடிவந்த நாளிலிருந்து அவர்களுடைய வாடிக்கையாளர் நீங்கள்தான். 'குடியிருப்பவர்' என்று மட்டும் முகவரி எழுதி வரும் கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். அதில் சில சப்ளையரிடமிருந்து வருபவை.

யார் என்று தெரியாவிட்டால், கரண்டுக்கு உங்கள் பகுதியின் மின் வலையமைப்பு நிறுவனத்தின் தளத்திலும், கேஸுக்கு 'ஃபைண்ட் மை சப்ளையர்' தளத்திலும் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடலாம். இரண்டும் வெவ்வேறு நிறுவனமாக இருக்கக்கூடும். உங்கள் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள் கிடைக்கும்: கரண்டுக்கு 13 இலக்க எம்பான் எண், கேஸுக்கு எம்பிஆர்என் எண். மீட்டரின் சீரியல் நம்பரைச் சொல்லி, இந்த எண்கள் உங்கள் மீட்டருக்கானவைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய வீட்டைப் பிரித்துக் கட்டிய பிளாட்டுகளில் மேல்வீட்டு மீட்டருக்குக் கீழ்வீட்டார் பணம் கட்டுவது உண்டு.

கணக்குத் தொடங்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தத்தின் நகல், குடிவந்த தேதி, மீட்டர் படங்கள், மின்னஞ்சல். பெயரை ஒப்பந்தத்தில் உள்ளபடியே கொடுங்கள். இந்தப் பில்லைத்தான் பின்னால் முகவரிச் சான்றாகப் பல இடங்களில் கேட்பார்கள்.

4. டாப்-அப் மீட்டர் உள்ள வீடு

கரண்டுக்குச் சாவி போன்ற ஒன்று, கேஸுக்கு ஒரு அட்டை, மூலைக் கடையில் பணம் ஏற்ற வேண்டும். பழைய குடித்தனக்காரரின் சாவியில் பணம் ஏற்றாதீர்கள். அவர் விட்டுப்போன கடன் மீட்டரில் இருந்தால் நீங்கள் போடும் பணத்திலிருந்து அது கழியும். முதலில் சப்ளையரை அழைத்துப் புதிதாகக் குடிவந்திருப்பதைச் சொல்லி, புதுச் சாவியும் அட்டையும் கேளுங்கள்.

இன்னொன்று: கோடையில் கேஸே தொடாவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் முதல் தடவை 10 பவுண்டு போட்டால் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். வெயில் காலத்திலும் மாதம் கொஞ்சம் போட்டு வையுங்கள். மாதாந்தரப் பில் முறைக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம். கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள் என்பதால் வந்த புதிதில் மறுக்கலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

5. டாரிஃப் (விலைத் திட்டம்)

ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு விலைக்கு உச்சவரம்பு வைக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் அது மாறும். 2025 கடைசியில் செய்திகளில் "1,755 பவுண்டு உச்சவரம்பு" என்று படித்துவிட்டு, அதற்கு மேல் பில் வராது என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். அந்தத் தொகை சராசரி வீட்டின் ஓர் ஆண்டுச் செலவுக்குப் போட்ட கணக்கு. கூடுதலாக எரித்தால் கூடுதலாகத்தான் வரும்.

அந்த மூன்று மாதத்தில் நிலைக்கட்டணம் கரண்டுக்கு நாளுக்கு 53.68 பென்ஸ், கேஸுக்கு 34.03 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில், ஒரு விளக்குகூடப் போடாமல் இருந்தாலும் ஆண்டுக்கு 320 பவுண்டு. பில்லைக் குறைக்கும் கணக்கில் இந்தத் தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

நிலையான விலை ஒப்பந்தம் உச்சவரம்பைவிட மலிவாக இருந்தால் எடுக்கலாம். எடுக்கும் முன் மூன்று கேள்வி: நடுவில் விலகினால் அபராதம் எவ்வளவு, வீடு மாறினால் அபராதம் உண்டா, நிலைக்கட்டணம் எவ்வளவு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதத்தில் வீடு மாறக்கூடியவர் ஒரு ஆண்டு விலை ஒப்பந்தம் போடுவதில் இதுதான் சிக்கல். சேர்ந்த பிறகு 14 நாளுக்குள் மனம் மாறலாம். ஒப்பந்தம் முடியும் கடைசி 49 நாளில் அபராதம் இல்லாமல் மாறலாம். பில் உங்கள் பெயரில் இருந்தால் சப்ளையரை மாற்ற வீட்டுக்காரர் அனுமதி பொதுவாகத் தேவையில்லை, சொல்லிவைப்பது நல்லது.

6. பாய்லர்: அதிகம் மிச்சமாகும் இடம்

முதலில் உங்கள் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். துணி அலமாரிக்குள் ஆளுயர உருளை நின்றால் அது தொட்டி. இல்லாவிட்டால், குழாயைத் திறந்ததும் பாய்லர் உறுமினால், அது காம்பி பாய்லர். அடுத்து வருவது காம்பிக்கு மட்டும்.

பாய்லரின் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட ஒரு திருகு அல்லது பொத்தான், தண்ணீர்க் குழாய் படம் போட்ட இன்னொன்று இருக்கும். ரேடியேட்டர் படம் உள்ளதுதான், பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் சூடு. பொருத்தியவர்கள் இதைப் பெரும்பாலும் 70லிருந்து 80 டிகிரியில் விட்டுப் போயிருப்பார்கள். அதை 60க்கு இறக்குங்கள். இதையும் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெர்மோஸ்டாட் சொல்வது அறை எத்தனை டிகிரி வர வேண்டும் என்பதை, இது அந்தச் சூட்டைக் கொண்டுவரும் தண்ணீரின் சூட்டை.

ஏன் மிச்சமாகிறது? இப்போதுள்ள பாய்லர்கள் புகையோடு வெளியேறும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80 டிகிரியில் அனுப்பினால் திரும்பும் தண்ணீரும் அதிகச் சூட்டோடு வந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு குழாய் வழியே ஆவியாக வெளியே போகிறது.

60இல் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் முன்போலச் சுடாது. வீடு சூடேற அரை மணி கூடுதலாகும், ஆகவே டைமரை அரை மணி முன்னால் தள்ளுங்கள். அறை வேண்டிய சூட்டுக்கு வந்தால் 55க்கு இறக்குங்கள். கடுங்குளிரில் எட்டாவிட்டால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். குழாய் படம் உள்ளதை 50க்கு அருகில் வையுங்கள். கை சுட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிறீர்கள் என்றால் அது கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இப்படி இறக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டி 60 டிகிரி தொட வேண்டும், அதற்குப் பாய்லர் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். அங்கே மிச்சம் டைமரில்தான். தொட்டியை நாள் முழுவதும் சூடேற்ற வேண்டாம்.

காம்பியில் முன்சூடு என்று ஒரு வசதி இருக்கும். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வர, பகலிலும் நடுராத்திரியிலும் பாய்லர் தானே எரிந்து எரிந்து அணையும். அதை அணைத்து 'ஈகோ' என்ற சிக்கன நிலையில் வைத்தால் வெந்நீர் வரச் சில விநாடி தாமதமாகும், அவ்வளவுதான்.

அடிக்கடி வரும் கோளாறுகள்: அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1லிருந்து 1.5 பார் காட்ட வேண்டும். இறங்கியிருந்தால் பாய்லருக்கு அடியில் பின்னல் போட்ட வெள்ளிக் குழாயின் இரண்டு வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, 1.3 வந்ததும் இரண்டையும் இறுக்கி மூடுங்கள். ஒன்றை மூட மறந்தால் அழுத்தம் ஏறி, பாதுகாப்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே ஒழுகும். வாராவாரம் இறங்கினால் எங்கோ கசிகிறது, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உறைபனி விழுந்த காலையில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், வெளிச்சுவரில் இறங்கும் வெள்ளைக் கழிவுக் குழாய் உறைந்திருக்கலாம். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பிறகு ரீசெட் செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம்.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றக் கூடாது. அது கேஸ் வேலை செய்ய உரிமம் தரும் 'கேஸ் சேஃப்' பதிவு உள்ளவரின் வேலை. அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

7. ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்

ரேடியேட்டரின் ஓரத்தில் 1லிருந்து 5 வரை எண் போட்ட திருகு இருந்தால், 3 என்பது சுமார் 20 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தவறு. அதே வேகத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே போகும். படுக்கையறை 2, ஆள் இல்லாத அறை 1 அல்லது உறைபனிக் குறி. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் உள்ள ரேடியேட்டரை மட்டும் முழுதாகத் திறந்து விடுங்கள். அதை மூடினால் அந்த இடம் சூடாகாமல், தெர்மோஸ்டாட் பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

தெர்மோஸ்டாட் 18லிருந்து 20. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு 18. கைக்குழந்தையோ ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோ இருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் ஓரத்தில் உள்ள சதுர ஆணியில் ரேடியேட்டர் சாவியைப் போட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடுங்கள். பிறகு பாய்லர் அழுத்தத்தைப் பார்க்க மறக்காதீர்கள், இறங்கியிருக்கும். கீழ்நடுவில் குளிர்ந்திருந்தால் அது சேறு, வீட்டுக்காரர் சுத்தம் செய்து தர வேண்டும்.

8. ஈரத்தை வெளியே அனுப்புங்கள்

நம் சமையலில் ஆவி அதிகம். சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, சாம்பார் கொதிப்பது எல்லாம் குளிர்ந்த சுவரில் போய்த் தண்ணீராகப் படியும். ஹீட்டிங்கை மிச்சம் பிடிக்க ஜன்னலை அடைத்து, துணியையும் ரேடியேட்டர்மேல் காயப்போட்டால் ஜனவரிக்குள் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வரும். வந்தால் வைப்புத் தொகையில் கைவைக்க வீட்டுக்காரருக்கு ஒரு காரணம்.

பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். புகைபோக்கி விசிறியைச் சமையல் முடிந்தும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். துணியை ஒரே அறையில் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காயப்போடுங்கள். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறங்கள். காற்றுதான் மாறும், சுவரின் சூடு அப்படியே இருக்கும்.

கதவடி இடைவெளிக்கும் தபால் துளைக்கும் பட்டை ஒட்டலாம். ஜன்னல் சட்டத்தின் மேலே உள்ள சிறு காற்றுத் துளைகளையும், கேஸ் அடுப்போ ஹீட்டரோ உள்ள அறையின் சுவர் துளைகளையும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். இங்கிலாந்தில் பாய்லர் உள்ள அறையில் அதற்கான அலாரம் வைப்பது 2022 அக்டோபர் முதல் வீட்டுக்காரரின் கடமை.

9. கரண்ட் ஹீட்டர் கணக்கு

2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 53 பென்ஸ். தினம் ஆறு மணி, மாதம் 95 பவுண்டு. அதே சூட்டைக் கேஸில் எடுத்தால் 26 பவுண்டு அளவுதான். எண்ணெய் ஹீட்டர், விசிறி ஹீட்டர், "புதுத் தொழில்நுட்பம்" என்று விற்கும் செருகி ஹீட்டர் எல்லாம் ஒரு யூனிட்டுக்கு ஒரே சூட்டைத்தான் தரும். தனியாக ஒருவர், ஒரே அறையில், ஒரு மணி நேரம் என்றால் மட்டும் கரண்ட் ஹீட்டர் லாபம். படுக்கைக்கு 100 வாட் மின்கம்பளம் இரவு முழுவதும் ஓடினாலும் 21 பென்ஸ்தான், குளிர் தாங்காத பெரியவர்களுக்கு இதைவிட மலிவான சூடு கிடைக்காது.

கரண்ட் ஷவர் இருந்தால் கவனம். 9 கிலோவாட்டில் பத்து நிமிடக் குளியல் 40 பென்ஸ். நான்கு பேர் தினமும் குளித்தால் மாதம் 47 பவுண்டு.

கேஸ் இல்லாத பிளாட்டில் சுவரோரம் கனமான ஸ்டோரேஜ் ஹீட்டர் இருக்கும். இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும். அதற்கு இரவு விலை குறைந்த எகானமி 7 டாரிஃப் இருக்க வேண்டும். சாதாரண ஒற்றை விலையில் ஓட்டினால் நஷ்டம். படுக்கும் முன் வெளிவிடும் திருகைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் தீர்ந்துபோகும்.

10. பில் வந்ததும் பார்க்க வேண்டியவை

மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று இருந்தால் அது ஊகம். உண்மையான எண்ணைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். எண்ணைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் எண் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். மாதம் ஒரே தேதியில் எண்ணை அனுப்பும் பழக்கம் நல்லது. கேஸில் ஒரு கன மீட்டர் ஏறினால் சுமார் 11 யூனிட், 70 பென்ஸ். தினமும் படுக்கும்போது மீட்டரைப் பார்த்தாலே அன்றைய செலவு தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானே கழியும் டைரக்ட் டெபிட்டில் கோடையில் சேரும் பணம் குளிர்காலத்துக்கானது. ஏப்ரலிலும் பெரிய தொகை மிச்சம் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். சப்ளையரின் தவறால் தாமதமாக வந்த பில்லில், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்குப் பணம் கேட்கக் கூடாது. புகாரை எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

11. உதவித் தொகையும் விசாவும்

குளிர்காலத்தில் 150 பவுண்டு தரும் வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட், வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவி வாங்குகிறவர்களுக்கானது. உங்கள் விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், யார் சொல்லியும் அந்த நிபந்தனைக்குள் வரும் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்காதீர்கள். விசா நீட்டிப்பில் சிக்கலாகும். சப்ளையரின் முன்னுரிமைச் சேவைப் பட்டியல் வேறு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி இருக்கும் வீடு இலவசமாகச் சேரலாம். பணம் கட்ட முடியாத நிலை வந்தால் நிறுத்திவிடாமல் சப்ளையரை அழையுங்கள். கட்டக்கூடிய தவணைத் திட்டம் பேசுவது அவர்கள் கடமை.

12. வீட்டைக் காலி செய்யும்போது

வெளியேறும் தேதியைச் சில நாள் முன்பே சப்ளையரிடம் சொல்லுங்கள். கடைசி நாளில் மீட்டரைத் திரும்பப் படம் எடுத்து, எண்ணையும் புது முகவரியையும் கொடுங்கள். இறுதிப் பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். உங்கள் பணம் மிச்சம் இருந்தால் அதன்பின் பத்து வேலை நாளில் வங்கிக்கு வரும். ஊருக்கே திரும்புகிறவர்கள் அந்தப் பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.